கியாக்டடா தெருக்களும் வாய்ச்சொல்லின் நாணயமும்



ஒரு புது ஊருக்குப் போகிறோம். எங்கே தங்கலாம்? எந்தக் கடையில் நம்பிச் சாப்பிடலாம்? எந்த மருத்துவமனையில் ஏழைக்கும் முகம் கொடுத்துப் பேசுவார்கள்? இந்தக் கேள்விகளுக்கு இன்று கைப்பேசியைத் தொட்டால் போதும். முன்னே போய்வந்தவர்கள் எழுதிவைத்த கருத்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஐந்து நட்சத்திரத்தில் இவ்வளவு என்று மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார்கள். இளையவர்கள் இதை இன்டர்நெட் தந்த புதுமை என்று நினைக்கிறார்கள். கருவி புதிதுதான். வழக்கம் மிகப் பழையது. பர்மாவிலிருந்து வந்த நம்மைப் போன்ற குடும்பங்கள் பல, இந்த வழக்கத்தால்தான் உயிரோடு கரை சேர்ந்தன. இந்த மாதப் பேச்சில் அந்தக் கதையைப் பார்ப்போம்.

தமிழில் இதற்கென்றே ஓர் இலக்கிய வகை உண்டு. அதற்கு ஆற்றுப்படை என்று பெயர். பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு கலைஞன், வழியில் வறுமையோடு வரும் இன்னொரு கலைஞனைப் பார்க்கிறான். "நான் போன இடத்துக்கு நீயும் போ, இந்த வழியாகப் போ, இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும்" என்று சொல்லி அனுப்புகிறான். பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து பாட்டுகள், இந்த வகையைச் சேர்ந்தவை. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர் வீட்டில் சுட்ட மீன், ஆமூர் உழவர் வீட்டில் வெண்சோற்றோடு நண்டு என்று ஊர்வாரியாகச் சாப்பாடு சொல்லப்படுகிறது. மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. எந்தப் பாறை வழுக்கும், எங்கே பாம்பு உண்டு, எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள் என்று ஆபத்துகளையும் எடுத்துச் சொல்கிறது. நல்லதை மட்டும் சொல்லாமல் கெட்டதையும் சொல்வதுதான் வழித்துணை என்பதை அந்தப் புலவர்கள் அறிந்திருந்தார்கள்.

அண்மைக் காலத்திலும் ஒரு நல்ல சான்று இருக்கிறது. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830ஆம் ஆண்டு மே மாதம் காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பரில் திரும்பினார். தங்கிய ஒவ்வோர் ஊரிலும் தண்ணீர் எப்படி, சத்திரம் உண்டா, கடையில் என்னென்ன கிடைக்கும் என்று தெலுங்கில் எழுதி, நண்பர் கோமளேஸ்வரன்பேட்டை சீனிவாச பிள்ளைக்கு அனுப்பினார். அந்த நண்பர் 1838இல் அதை அச்சிட்டார். பின்னால் போகிறவனுக்கு உதவட்டும் என்பதுதான் நோக்கம். கடிதமாக வந்தது புத்தகமாகி, தெரியாதவர்களுக்கும் வழிகாட்டியாயிற்று.

கல் பாலம் என்னும் ஊர்

இப்போது ரங்கூனுக்கு வருவோம். கியாக்டடா என்றால் பர்மிய மொழியில் கல் பாலம். இன்றைய யங்கோன் நகரின் நடுவில், சூலே பகோடாவையும் நகரமன்றக் கட்டடத்தையும் 1911இல் கட்டி முடித்த உயர்நீதிமன்றத்தையும் கொண்ட வட்டம் அது. 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்த பிறகு, பகோடாவை நடுவில் வைத்துச் சதுரங்கப் பலகை போலத் தெருக்களை வகுத்தார்கள். கணக்கெழுதுகிறவன் கண்ணுக்கு அது கோடு போட்ட பேரேடு மாதிரித் தெரியும். தெற்கே ஆறு, துறைமுகம். கப்பலில் இறங்கியவன் சில நிமிட நடையில் கியாக்டடாவுக்குள் வந்துவிடுவான்.

இறங்கியவர்கள் எத்தனை பேர்! 1920களின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து ரங்கூனில் வந்து இறங்கியவர்கள் ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேல். 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி ரங்கூனில் சுமார் 4 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தமிழர், தெலுங்கர், வங்காளிகள், ஒடியர்கள், குஜராத்திகள், வடநாட்டார் என்று பல மொழிக்காரர்கள். ஒருவனுக்கு அந்த ஊரின் மொழி தெரியாது, தெருவின் பெயரை வாசிக்கத் தெரியாது. அவனுக்கு ஊரைப் பற்றிய முதல் தகவலைக் கொடுத்தது யார்?

பெரும்பாலும் மேஸ்திரி. ஊரிலேயே முன்பணம் கொடுத்து, கப்பல் சீட்டு எடுத்துக் கொடுத்து, ஆள் பிடித்து வந்தவர் அவர்தான். ரங்கூன் நல்ல ஊர், கூலி அதிகம், தங்க இடம் உண்டு என்று சொன்னவரும் அவரே. அந்தச் சொல்லில் அவருக்கு லாபம் இருந்தது. ஆள் ஒன்றுக்கு அவருக்குக் கிடைப்பதும், முன்பணத்துக்காகக் கூலியில் பிடிப்பதும் சேர்ந்த லாபம் அது. போய்ப் பார்த்தால் நிலைமை வேறு. 1931இல் வெளிவந்த அரசுத் தொழிலாளர் ஆணையத்தின் அறிக்கையும், 1933இல் வெளிவந்த ஆண்ட்ரூ என்பவரின் 'ரங்கூனில் இந்தியத் தொழிலாளர்' என்ற நூலும், கூலிகள் தங்கிய வீடுகளில் ஆட்கள் எப்படி அடைக்கப்பட்டிருந்தார்கள் என்பதை எழுதியிருக்கின்றன. விற்கிறவனே தன் சரக்குக்குச் சான்று சொன்னால் அந்தச் சான்றுக்கு என்ன மதிப்பு? இன்று பணம் கொடுத்து எழுதவைக்கும் ஐந்து நட்சத்திரக் கருத்துக்கும் அந்த மேஸ்திரியின் பேச்சுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

மேஸ்திரியின் பேச்சுக்கு மாற்று, ஏற்கெனவே போனவர்களின் சொல்தான். ஊர்க்காரன் எழுதிய கடிதம், விடுமுறைக்கு வந்தவன் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன சேதி, கப்பலின் மேல்தட்டில் பக்கத்தில் படுத்தவன் காதில் போட்ட எச்சரிக்கை. கியாக்டடாவுக்கு மேற்கே அனோரட்டா சாலையில் 1871இல் தமிழர் கட்டிய காளியம்மன் கோயில் இருக்கிறது. இப்படிப்பட்ட கோயில்கள் கும்பிடுவதற்கு மட்டும் இல்லை. வேலை எங்கே, அறை எங்கே, எந்த முதலாளி கூலியை இழுத்தடிக்கிறார் என்று கேட்டறியும் இடங்களாகவும் அவை இருந்தன. கோயில் வாசல்தான் அன்றைய தகவல் பலகை.

நாணயம் என்ற சொல்

நான் வணிகவியல் படித்தவன். இரண்டு பொருள் தரும் ஒரு தமிழ்ச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் நேர்மை. "அவர் நாணயமானவர்" என்று ஒருவரைப் பற்றி நாலு பேர் சொன்னால் அந்தச் சொல்லே காசாகிவிடும். இதை நடத்திக் காட்டியவர்கள் ரங்கூன் நகரத்தார்.

சூலே பகோடா சாலைக்கு மேற்கே, அன்று மொகல் தெரு என்றும் இன்று ஷ்வே போன் தா தெரு என்றும் வழங்கும் இடம் அவர்களின் தலைமையிடம். 1930இல் வெளிவந்த பர்மா வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கைப்படி, பர்மா முழுவதும் அவர்களுக்குச் சுமார் 1,650 கடைகள் இருந்தன. ஒரு கடைக்கு ஏஜெண்டு, அவருக்குக் கீழே அடுத்தாள், எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன். பொதுவாக மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்தால் ஏஜெண்டு ஊர் திரும்புவார், அடுத்தவர் வருவார். யாரை அனுப்புவது என்பதை முதலாளிகள் மற்றவர் சொல்லும் மதிப்பை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். ரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியைத் தீர்மானித்தார்கள். அந்தக் கூட்டத்தில் வட்டியோடு ஊர்ச்சேதியும் புழங்காமலா இருந்திருக்கும்? நம்பிக்கையான தகவல் கைமாறியதால்தான் ஒரு கடையின் உண்டி இன்னொரு கடையில் செல்லுபடியாயிற்று.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த நம்பிக்கை வட்டம் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. பர்மிய உழவருக்கு அந்த வட்டத்தில் இடம் இல்லை. 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது கடன் அடைபடவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களின் கைக்கு வந்த நிலம், 1930இல் 6 சதவிகிதமாக இருந்தது, 1937 வாக்கில் சுமார் 25 சதவிகிதமாயிற்று. அவர்கள் நிலம் வாங்க வந்தவர்கள் அல்ல, பணமாகத்தான் திரும்பக் கேட்டார்கள் என்பது உண்மை. நிலத்தை இழந்த உழவருக்கு அந்த விளக்கத்தால் என்ன ஆறுதல்? 1930 மே மாதம் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது பர்மியரை வேலைக்கு வைத்தார்கள். பிறகு நிறுத்தம் முடிந்ததும் அவர்களை அனுப்பினார்கள். அதில் மூண்ட கலவரம் ரங்கூன் தெருக்களைச் சிவப்பாக்கியது. 1938இலும் கலவரம். ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் ஒருவர் சேதியை மற்றவர் கேட்கவே இல்லை. நமக்குள் மட்டும் பகிரப்படும் நற்சொல் நம்மை ஒன்றுசேர்க்கும். அதே சொல் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து நம்மைப் பிரிக்கவும் செய்யும். வரவுக்கு நேர் எதிரே பற்று எழுதுவதுதானே கணக்கு. அதனால் இதையும் சொல்லியாக வேண்டும்.

வாய்ச்சொல் அச்சுக்கு வந்த கதையும் ரங்கூனில் நடந்தது. 1930களில் அங்கே வெளிவந்த 'தனவணிகன்' இதழின் ஆசிரியராக இளைஞர் ஏ.கே. செட்டியார் இருந்தார். பிற்பாடு அவர் உலகம் சுற்றிப் பயணக் கட்டுரைகளை எழுதினார். 'குமரி மலர்' இதழை நடத்தினார். பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்தார். போன இடத்தைப் பற்றி அலங்காரம் இல்லாமல் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது அவர் வழக்கம். 1937 முதல் வெ. சாமிநாத சர்மா ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்தினார். இந்த இருவரின் எழுத்திலும் ஓர் இடத்தை இன்னொருவருக்குப் பயன்படும்படி சொல்லும் பொறுப்பைக் காணலாம்.

1942: உயிர் காத்த சேதி

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. ஏராளமானோர் இறந்தார்கள். 1942 மார்ச் 8 அன்று நகரம் ஜப்பானியர் வசமானது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் போனார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். புரோமிலிருந்து டௌங்குப் கணவாய் வழியாக அரக்கானுக்கு ஒரு பாதை. மாண்டலேயிலிருந்து கலேவா, தாமு வழியாக மணிப்பூருக்கு ஒரு பாதை. கடைசியில் வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கு வழியாக அசாமின் லேடோவுக்கு ஒரு பாதை. மொத்தம் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா வந்து சேர்ந்தார்கள். வழியில் மாண்டவர்கள் 10,000 முதல் 50,000 வரை என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. காலரா, மலேரியா, பசி, மழை எல்லாம் சேர்ந்து கொன்றன.

அந்தப் பாதைகளில் அரசாங்கத் தகவல் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று பாகுபாடு காட்டியதாக அப்போதே கடும் குற்றச்சாட்டு எழுந்தது. அதனால் முன்னே போனவர் சொல்லும் சொல்தான் பின்னே வருபவருக்கு வரைபடம். "அடுத்த முகாமில் தண்ணீர் உண்டா? அந்த ஓடையில் குடிக்கலாமா? அங்கே பேதி பரவியிருக்கிறதா?" இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தவர் பிழைத்தார். தப்பான பதில் கிடைத்தவர் வழியிலேயே தங்கிவிட்டார். சாமிநாத சர்மாவும் அப்படி நடந்துவந்தவர்தான். அவர் எழுதிய 'எனது பர்மா வழி நடைப் பயணம்' நூலை நம் வீடுகளில் ஒரு முறையாவது வாசிக்க வேண்டும். கிடைத்த இடம், கிடைக்காத நீர், உதவிய கை எல்லாம் அதில் இருக்கின்றன. எல்லையில் தேயிலைத் தோட்டச் சங்கத்தார் அமைத்த முகாம்களில் கிடைத்த தேநீரைப் பற்றி முதியவர்கள் பலர் கடைசி வரை பேசினார்கள். நன்றியோடு ஓர் இடத்தை நினைவு வைத்திருப்பதும் ஒரு மதிப்புரைதானே.

1964: மறுபடியும் வழி கேட்டோம்

போர் முடிந்து பலர் திரும்பிப் போனார்கள். 1962 மார்ச்சில் ராணுவ ஆட்சி வந்தது. 1964இல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பேரேட்டில் இருந்த இருப்பு ஒரே நாளில் வெறும் காகிதமாயிற்று. என் தந்தையார் கியாக்டடாவில் ஸ்பார்க்ஸ் தெருவில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். வாழ்நாள் முழுவதும் எழுதிய ஐந்தொகைகளில் அந்த ஆண்டுக் கணக்கை மட்டும் முடிக்கவே முடியவில்லை என்பார். 1963 ஜூன் முதல் வந்தவர்களில் சுமார் 1 லட்சத்து 44 ஆயிரம் பேர் தமிழகத்தில் குடியேறியதாக அரசுப் பதிவு சொல்கிறது.

சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களுக்கு மறுபடியும் அதே கேள்விகள். கும்மிடிப்பூண்டி முகாம் எப்படி? எந்த மாவட்டத்தில் கடனுதவி சீக்கிரம் வருகிறது? எந்த அலுவலகத்தில் எந்தத் தாள் கேட்பார்கள்? முந்திய கப்பலில் வந்தவர்கள் பிந்திய கப்பலில் வந்தவர்களுக்குச் சொன்னார்கள். பாரத அரசு தாயகம் திரும்பியோருக்காக 1969இல் ரெப்கோ வங்கியைத் தொடங்கியது. அதே ஆண்டில் பாரிமுனைக்கு அருகே பர்மா பஜார் உருவாயிற்று. அந்தப் பக்கத்துத் தெருக்களில் அத்தோவும் மொயிங்காவும் வாழைத்தண்டு சூப்பும் விற்கும் தள்ளுவண்டிகள் நின்றன. அவர்களுக்கு விளம்பரம் செய்யப் பணம் ஏது? "அங்கே போய்ச் சாப்பிட்டுப் பார், ரங்கூனில் சாப்பிட்ட ருசி" என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் போனார்கள். இன்று அதே கடைகளைத் தேடிப் பர்மாவையே பார்க்காத பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு சாப்பாட்டுக் கடையின் நற்பெயர் ஓர் இடம்பெயர்ந்த சமூகத்தின் அடையாளமாகிவிட்டது.

வேறு சிலர் தமிழகத்தில் ஒட்டாமல், மணிப்பூர் வழியாகத் தரைமார்க்கமாகப் பர்மாவுக்கே திரும்பப் பார்த்தார்கள். எல்லையில் அனுமதி கிடைக்கவில்லை. அவர்கள் மோரே என்ற எல்லை ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காளபரமேஸ்வரி கோயிலும் எழுந்தன. "இதற்கு மேல் போகாதே, இங்கே இருக்கலாம்" என்று முதலில் வந்தவன் அடுத்தவனுக்குச் சொல்லிய சொல்லால் ஒரு தமிழ் ஊரே உருவான கதை அது.

இது நமக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்குப் பல விடுதிகளிலும் உணவகங்களிலும் இடம் மறுக்கப்பட்ட காலத்தில், நியூயார்க்கில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936இல் ஒரு சிறு வழிகாட்டியை வெளியிட்டார். எந்த ஊரில் எந்த வீட்டில் தங்கலாம், எந்தக் கடையில் மரியாதையோடு சோறு போடுவார்கள் என்ற பட்டியல். வாசகர்களும் சக தபால்காரர்களும் அனுப்பிய தகவலால் அது வளர்ந்தது. 1960களின் நடுப்பகுதி வரை வெளிவந்தது. இந்த வழிகாட்டி தேவைப்படாத நாள் ஒன்று வர வேண்டும் என்பதுதான் அவர் விருப்பம். கதவு மூடப்பட்டவர்களுக்குத் திறந்திருக்கும் கதவைக் காட்டுவது, பொழுதுபோக்குக்காகச் செய்த வேலையல்ல.

கைப்பேசிக் காலம்

மியான்மரில் ஒரு காலத்தில் கைப்பேசிச் சிம் அட்டை ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. 2014இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்ததும் அது 1,500 கியாட்டுக்கு இறங்கியது. நாடு முழுவதும் ஒரே பாய்ச்சலில் ஃபேஸ்புக்குக்குள் நுழைந்தது. கியாக்டடாவின் தேநீர்க் கடைகளையும் பன்சோடான் தெருவின் பழைய புத்தகக் கடைகளையும் பற்றி உலகெங்கும் உள்ளவர்கள் எழுதவும் படிக்கவும் முடிந்தது.

இதில் சிறு வியாபாரிக்கு மெய்யான பயன் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லூகா அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து 2011இல் எழுதினார். மதிப்பெண்ணில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவிகிதம் வரை உயர்கிறது என்பது அவர் கண்டது. அந்த உயர்வு தனிக் கடைகளுக்குத்தான், எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த பெரிய சங்கிலிக் கடைகளுக்கு இல்லை. விளம்பரத்துக்குக் காசு இல்லாத அத்தோ கடைக்காரருக்கு நாம் எழுதும் நாலு வரி, கணக்கில் வரவாக ஏறுகிறது என்று பொருள்.

ஆனால் நெருப்பு சமைக்கவும் உதவும், வீட்டையும் எரிக்கும். 2014 ஜூலையில் மாண்டலேயில் ஒரு தேநீர்க் கடை உரிமையாளர்கள் மீது ஒரு பொய்க் குற்றச்சாட்டு ஃபேஸ்புக்கில் பரவியது. கலவரம் மூண்டது. இருவர் கொல்லப்பட்டனர். ஒருவர் பௌத்தர், ஒருவர் முஸ்லிம். குற்றச்சாட்டு புனையப்பட்டது என்பது பிறகு தெரிந்தது. ஒரு கடையைப் பற்றி ஆராயாமல் பகிர்ந்த சொல், பயனற்ற சொல்லாக மட்டும் நிற்கவில்லை. அது உயிரையே எடுத்தது.

அதே மக்கள் அதே வழக்கத்தால் உயிரையும் காத்தார்கள். 2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, சில நாட்களில் ஃபேஸ்புக் தடுக்கப்பட்டது. ஜூலையில் கொரோனாவின் கொடிய அலை யங்கோனைத் தாக்கியது. ஆக்ஸிஜன் சிலிண்டரோடு மக்கள் வரிசையில் நின்றார்கள். எங்கே நிரப்பித் தருகிறார்கள் என்ற சேதியை ஒருவருக்கொருவர் தெரிவித்தார்கள். பேச முடியாத வீடுகள் வாசலில் துணி கட்டின. மஞ்சள் துணி என்றால் மருந்து வேண்டும், வெள்ளைத் துணி என்றால் உணவு வேண்டும். பக்கத்து வீட்டார் பார்த்து உதவினார்கள். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எந்த இடத்தில் தங்கலாம், எங்கே சாப்பாடு என்று இளைஞர்கள் பட்டியல் தயாரித்துப் பரப்பியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 1942இல் காட்டுப் பாதையில் கேட்ட அதே கேள்விதான்: அங்கே போனால் கிடைக்குமா?

கணக்கன் சொல்லும் முறை

தணிக்கையில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. வவுச்சர் இல்லாத பதிவை ஏற்கக் கூடாது. இடங்களைப் பற்றி எழுதும்போதும் அதையே கடைப்பிடிக்கலாம்.

முதலாவது, தேதி போடுங்கள். மூன்று ஆண்டுக்கு முந்திய நல்ல கடை இன்று மூடியிருக்கலாம். இரண்டாவது, நீங்களே பார்த்ததையும் பிறர் சொன்னதையும் தனித்தனியே எழுதுங்கள். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால் கேட்பவருக்கு எதை நம்புவது என்று தெரியாது. மூன்றாவது, என்ன வாங்கினீர்கள், என்ன கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். "மோசம்" என்ற ஒரு சொல்லைவிட, "ஒரு மணி நேரம் காத்திருந்தோம்" என்பது பயன் தரும். நான்காவது, உங்களுக்கு அந்தக் கடையில் உறவோ லாபமோ இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மேஸ்திரியின் பேச்சை நம் முன்னோர் நம்பி ஏமாந்தது அது தெரியாததால்தான். பொய்க் கருத்துகளின் தொல்லை பெருகி, இந்தியாவில் 2022 நவம்பரில் இதற்கென ஒரு தர நிர்ணயம் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 2024இல் போலிக் கருத்துகளைத் தடைசெய்து விதி வந்தது. சட்டம் வரட்டும். அதற்கு முன்னால் நம் நாணயம் இருக்கிறது.

ஐந்தாவது விதி நமக்கே உரியது. யங்கோனில் இன்னும் நம் உறவினர்கள் வாழ்கிறார்கள். அங்கே 2025 ஜனவரியில் வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியில்லாத வி.பி.என். சேவைகளைத் தடைசெய்கிறது. நன்றி சொல்கிறோம் என்று நினைத்து அங்குள்ள ஒருவரின் பெயரையும் வீட்டையும் படத்தையும் வெளியிட்டால், அவருக்கு அது கேடாக முடியலாம். அங்குள்ள இடத்தைப் பற்றி எழுதுங்கள். ஆளை அவர் சம்மதம் இல்லாமல் எழுதாதீர்கள்.

நாம் செய்யக் கூடியது

என் அண்ணன் மகன் தாத்தாவின் கடை இருந்த இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் தேடினான். ஸ்பார்க்ஸ் தெரு என்று போட்டான், ஒன்றும் வரவில்லை. வராது. அது இன்று போ ஆங் ஜோ தெரு. பேயர் தெரு பன்சோடான் ஆயிற்று. டல்ஹௌசி தெரு மகா பண்டூலா ஆயிற்று. ஃபிரேசர் தெரு அனோரட்டா ஆயிற்று. லூயிஸ் தெரு செய்க்கந்தா ஆயிற்று. பழைய பெயர் பெரியவர்களின் வாயில் இருக்கிறது, புதிய பெயர் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதும் தலைமுறை நாம்தான். நமக்குப் பிறகு அந்த வேலையை யாராலும் செய்ய முடியாது.

எனவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் எண்பது வயதைக் கடந்தவர்கள் இருந்தால் அவர்கள் அருகில் உட்காருங்கள். எந்தத் தெரு, எத்தனையாம் எண், கீழே என்ன கடை, மேலே யார் குடியிருந்தார்கள், எந்தக் கடையில் மொயிங்கா நன்றாக இருக்கும், எந்தப் பர்மியக் குடும்பம் கலவர நாளில் கதவைத் திறந்துவிட்டது என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். நம் வட்டத்துக்கு வெளியே இருந்த நல்லவர்களின் பெயர் நம் பேரேட்டில் மிகக் குறைவாகவே ஏறியிருக்கிறது. கேட்டதைத் தேதியோடு எழுதி, நம் நிலையத்துக்கு அனுப்புங்கள். பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்து வாசிப்போம், தொகுத்து வைப்போம். வாழும் ஊரிலும், ஒரு நல்ல கடையையோ மரியாதையாக நடத்தும் மருத்துவமனையையோ பார்த்தால், புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்கு அதைச் சொல்லுங்கள். தமிழ்க் குடும்பத்துக்கு மட்டும் என்றில்லை. வேறு நாட்டிலிருந்து வந்து வழி தெரியாமல் நிற்கிறவர் யாராயினும் சொல்லுங்கள்.

கியாக்டடா என்றால் கல் பாலம் என்று சொன்னேன் அல்லவா? முன்னே கடந்தவர் நின்று, "இந்தக் கல் உறுதி, அந்தக் கல் ஆடும்" என்று பின்னே வருபவரிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் பாலத்தின் முறை.